சட்டக் கல்லூரிக்கு முந்தைய மூன்று ஆண்டுகள்

விலங்கியல் இரண்டாமாண்டு படிக்கும் மாணவி ஒருவருக்கோ வணிகவியல் இறுதியாண்டில் இருக்கும் மாணவர் ஒருவருக்கோ வழக்கறிஞராகும் ஆசை வந்தால், வீட்டிலும் கல்லூரியிலும் அவர்களுக்கு முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோதே யோசித்திருக்க வேண்டும்." சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறான பதில். இந்தியாவில் சட்டக் கல்லூரிக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உள்ளன. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு ஒன்று; ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் சேரும் மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்பு மற்றொன்று. இவற்றில் பழைய வாசல் மூன்றாண்டுப் படிப்புதான். ஐந்தாண்டுப் படிப்பு 1980களில் வந்தது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி தொடங்கப்பட்ட பிறகுதான் அது பெயர் பெற்றது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ளும்போது இரு வழியில் வந்தவர்களுக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. ஒரே கருப்பு அங்கி, ஒரே உரிமை.

ஆகவே இந்தக் கட்டுரை, பட்டப் படிப்பில் இருந்துகொண்டே மூன்றாண்டுச் சட்டப் படிப்பை நோக்கிச் செல்ல விரும்புபவர்களுக்கானது. தமிழ்நாட்டு நிலவரத்தை முதன்மையாக வைத்துக்கொண்டு, வெளி மாநிலங்களைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

எந்தப் பட்டம் படித்திருக்க வேண்டும் என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 2008இல் வகுத்த சட்டக் கல்வி விதிகள், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் ஒன்று இருக்க வேண்டும் என்கின்றனவே தவிர, அது எந்தப் பாடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. சட்டத்துக்கு வேண்டும் என்பதற்காக வேதியியலை விட்டுவிட்டு அரசியல் அறிவியலுக்கு மாறுவது தேவையற்ற வேலை. சொல்லப்போனால், வேதியியல் போன்ற பாடங்களைப் படித்தவர்களுக்கு மட்டுமே திறக்கும் கதவு ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 126இன்படி, காப்புரிமை முகவராகப் பதிவு செய்ய விரும்புபவர் அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அதற்குரிய தேர்விலும் தேற வேண்டும். வரலாறு படித்துவிட்டு வந்த வழக்கறிஞர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கதவு அவருக்குத் திறப்பதில்லை. வணிகவியல் மாணவருக்கோ காசோலை வழக்கிலும் வரி வழக்கிலும் வரும் கணக்கேடுகள் ஏற்கெனவே பழகிய பொருள்.

தமிழ் இலக்கியம் படிப்பவர்கள், தமக்கும் சட்டத்துக்கும் வெகுதூரம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு உரையாசிரியர்கள் பொருள் காணும் முறையை நினைத்துப் பாருங்கள். ஓர் உம்மை ஏன் வந்தது, அந்த உம்மையால் வேறு எதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா, முந்தைய நூற்பாவில் வந்த சொல் இங்கும் தொடர்கிறதா என்று அவர்கள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் பார்க்கிறார்கள். இளம்பூரணர் கொண்ட பொருளைச் சேனாவரையர் மறுக்கும்போது காரணம் காட்டித்தான் மறுக்கிறார். சட்டப் பிரிவு ஒன்றுக்கு நீதிமன்றம் பொருள் கொள்ளும்போதும் ஏறத்தாழ இதே வேலைதான் நடக்கிறது. இந்தப் பயிற்சியை மூன்று ஆண்டுகள் பெற்ற ஒருவர், தாம் வெறுங்கையோடு சட்டக் கல்லூரிக்குப் போவதாக நினைக்க வேண்டியதில்லை.

பாடம் எதுவாயினும் சரி என்றால், மதிப்பெண்ணும் எதுவாயினும் சரி என்று பொருளாகாது. இதில்தான் தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் காலம் கடந்து வருந்துகிறார்கள். 1997 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும், மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர் முதலிய ஊர்களில் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளும் மூன்றாண்டுப் படிப்புக்குத் தனியாக நுழைவுத் தேர்வு எதையும் நடத்துவதில்லை. பட்டப் படிப்பில் பெற்ற மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசைப் பட்டியல் தயாராகிறது. மாநிலத்தின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடக்கிறது. நுழைவுத் தேர்வு இருக்கும் இடத்தில் கடைசி ஆறு மாதம் கண்விழித்துப் படித்துப் பழைய குறையை ஈடு செய்துவிடலாம். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. முதலாமாண்டில் விளையாட்டாக விட்ட பருவத் தேர்வும், "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட அரியரும் கலந்தாய்வு அறையில் வந்து நிற்கும். எனவே, சட்டக் கல்லூரிக்கான தயாரிப்பு என்று ஒன்று இருக்குமானால், அதன் முதல் படி இப்போது படிக்கும் பாடத்தை ஒழுங்காகப் படிப்பதுதான். கேட்கச் சுவையில்லாத அறிவுரைதான்; ஆனால் இந்த முறை நீடிக்கும்வரை அதற்கு மாற்று கிடையாது.

குறைந்தபட்சத் தகுதியாகப் பார் கவுன்சில் விதிகள் பொதுப் பிரிவினருக்குப் பட்டப் படிப்பில் 45 விழுக்காட்டையும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 விழுக்காட்டையும் வைத்துள்ளன. ஆனால் அது விண்ணப்பம் போடுவதற்கான தகுதி மட்டுமே. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் கட் ஆஃப் அதைவிட மேலே இருக்கும். வேறு இரண்டு விதிகளையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. பள்ளிப் படிப்பு முதலிய அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் சட்டப் படிப்புக்குச் செல்லாது. சட்டம் படிக்கும்போதே இன்னொரு முழுநேரப் பட்டப் படிப்பிலும் சேர்ந்து படிக்க முடியாது. "எல்.எல்.பி.யோடு சேர்த்து எம்.ஏ.வையும் ரெகுலரில் முடித்துவிடலாம்" என்று யாராவது திட்டம் வகுத்துக் கொடுத்தால், அதை நம்பிக் கட்டணம் கட்டிவிட வேண்டாம்.

வெளி மாநிலங்களுக்குப் போக விரும்புபவர்களுக்குக் கதை வேறு. டெல்லிப் பல்கலைக்கழகமும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. வழியாக மூன்றாண்டுப் படிப்புக்கு மாணவர்களைச் சேர்க்கின்றன. கேரளம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் தனித்தனி நுழைவுத் தேர்வுகளை வைத்திருக்கின்றன. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி 2022இல் மூன்றாண்டு எல்.எல்.பி. ஆனர்ஸ் படிப்பைத் தொடங்கி, அதற்கென ஒரு தேர்வையும் நடத்துகிறது. கொள்குறி வினாக்களோடு எழுத்து வினாக்களும் அதில் உண்டு. இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கிளாட் என்று எல்லோரும் பேசிக்கொள்ளும் தேர்வு, பள்ளி முடித்தவர்களுக்கான ஐந்தாண்டுப் படிப்புக்கும், சட்டப் பட்டம் பெற்றவர்களுக்கான எல்.எல்.எம். என்ற முதுநிலைப் படிப்புக்கும் உரியது. பட்டப் படிப்பு மாணவர் மூன்றாண்டுப் படிப்பை நினைத்துக்கொண்டு கிளாட் பயிற்சி மையத்தில் பணம் கட்டுவது, மதுரைக்குப் போக வேண்டியவர் மங்களூர் வண்டியில் ஏறுவதைப் போன்றது.

சேர்க்கை பற்றி இவ்வளவு போதும். மதிப்பெண் ஒருவரைச் சட்டக் கல்லூரியின் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போனபின் அவரைத் திணறடிப்பது மதிப்பெண் அன்று, வாசிப்பு. அதுவரை அவர் படித்த பாடநூல்கள் விளக்குவதற்காக எழுதப்பட்டவை. சட்டப் பிரிவோ கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டது. பாடநூலில் ஒரு வரியைத் தவறவிட்டால் அடுத்த வரியில் பிடித்துக்கொள்ளலாம். சட்டப் பிரிவில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் மொத்தப் பொருளும் மாறிவிடும். இந்த வேறுபட்ட வாசிப்பைப் பட்டப் படிப்புக் காலத்திலேயே, எந்த ஆசிரியரின் உதவியும் இல்லாமல், பழகத் தொடங்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே பார்ப்போம். திருட்டு என்றால் என்ன? தெருவில் யாரைக் கேட்டாலும், "அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுப்பது" என்று சொல்லிவிடுவார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 303 தரும் வரையறையைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்: ஒருவருடைய வசத்தில் இருக்கும் அசையும் பொருள் எதையேனும், அவருடைய சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்ளும் கருத்தோடு, அவ்வாறு எடுப்பதற்காக நகர்த்துபவர் எவரோ அவர் திருட்டுக் குற்றம் புரிந்தவராவார். இதை ஒரு முறை படித்தால் தெருவில் கிடைத்த பதிலைச் சுற்றிவளைத்துச் சொன்னதைப் போல இருக்கும். பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் பிரித்தால்தான் அதன் கட்டுமானம் தெரியும். பொருள் அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது ஒருவர் வசத்தில் இருக்க வேண்டும். அவர் சம்மதித்திருக்கக் கூடாது. எடுப்பவரிடம் நேர்மையற்ற கருத்து இருக்க வேண்டும். பொருள் நகர்த்தப்பட்டிருக்க வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது திருட்டு ஆகாது. வேறு குற்றமாக இருக்கலாம், குற்றமே இல்லாமலும் போகலாம்.

இனி இந்த ஐந்தையும் சோதித்துப் பார்க்கலாம். சட்டமே அதற்கான உதாரணங்களைப் பிரிவின் கீழே கொடுத்திருக்கிறது. இவை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே தொடர்பவை. பிறர் நிலத்தில் வேரூன்றி நிற்கும் மரம் அசையும் பொருள் அன்று. அதைத் திருட முடியாது. ஆனால் எடுத்துச் செல்லும் கருத்தோடு அதை வெட்டி நிலத்திலிருந்து பிரித்த அந்த நொடியில் அது அசையும் பொருளாகிறது, திருட்டும் நிறைவேறிவிடுகிறது. வண்டியில் ஏற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெருஞ்சாலையில் யார் வசத்திலும் இல்லாமல் கிடந்த மோதிரத்தை எடுத்தவர் திருடவில்லை. ஏனெனில் அது ஒருவருடைய வசத்திலிருந்து எடுக்கப்படவில்லை. அவர் மோசடியாகக் கையாடிய குற்றத்துக்கு ஆளாகலாம், அது வேறு பிரிவு. இவற்றையெல்லாம்விட வியப்பூட்டுவது கைக்கடிகாரத்தின் கதை. ஒருவர் தம் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். கூலி பாக்கி இருப்பதால் கடைக்காரர் அதை ஈடாகச் சட்டப்படி வைத்துக்கொள்கிறார். அந்த ஈட்டை இல்லாமல் ஆக்கும் கருத்தோடு உரிமையாளர் தம்முடைய கடிகாரத்தையே கடையிலிருந்து எடுத்துப் போய்விட்டால், அவர் திருடியவர் ஆகிறார். தன் பொருளைத் தானே திருட முடியுமா என்று கேட்டால், முடியும். வரையறையில் இருக்கும் சொல் உடைமை அன்று, வசம். தெருவில் கிடைத்த பதில் இந்த இடத்தில்தான் உடைந்து போகிறது.

இப்படி வாரத்துக்கு ஒரு பிரிவு என்று படித்தால், இரண்டு ஆண்டுகளில் நூறு பிரிவுகள் ஆகும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பகுதி, ஒப்பந்தச் சட்டத்தின் முதல் முப்பது பிரிவுகள், தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. விளக்கவுரை இல்லாத சட்ட வாசகம் மட்டும் கொண்ட நூலை நீதிமன்ற வட்டாரத்தில் பேர் ஆக்ட் என்பார்கள். மத்திய அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் இவை இலவசமாகவே கிடைக்கின்றன. படிக்கும்போது சிறு சொற்களைக் கவனிக்கப் பழகுங்கள்: 'செய்தல் வேண்டும்' என்று சொல்லும் இடம், 'செய்யலாம்' என்று விடும் இடம், 'மற்றும்' நிற்கும் இடம், 'அல்லது' நிற்கும் இடம், 'எனினும்' என்று தொடங்கி முன்னால் சொன்னதை ஓரளவு திரும்பப் பெறும் வரம்புரை. வழக்குகள் பெரும்பாலும் இந்தச் சிறு சொற்களின் மேல்தான் நடக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. மூத்தவர்கள் விட்டுப்போன பழைய குற்றவியல் நூல்களை மலிவாக வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாகப் புதிய மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. திருட்டின் வரையறை மாறாவிட்டாலும் தண்டனையில் புதியது சேர்ந்திருக்கிறது: திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனை. அதே நேரத்தில், அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், இன்னும் பல ஆண்டுகளுக்கு வழக்கறிஞர்கள் ஒரே குற்றத்தின் பழைய பிரிவு எண், புதிய பிரிவு எண் இரண்டையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

சட்டப் பிரிவுக்கு அடுத்தபடியாகத் தீர்ப்பு. பொதுவாக மாணவர்கள் தீர்ப்பின் ஒரு வரிச் சுருக்கத்தைத்தான் படித்திருப்பார்கள். 1951இல் உச்ச நீதிமன்றம் அளித்த சென்னை மாநிலம் எதிர் சண்பகம் துரைராஜன் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பானது, அதன் விளைவாக அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது என்பது நம் ஊரில் பலரும் அறிந்த செய்தி. ஆனால் தீர்ப்பைத் திறந்து படிப்பவருக்கு வேறு செய்திகள் கிடைக்கும். மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்தையும் அரசாணை எப்படிப் பிரித்தது என்ற கணக்கு அதில் இருக்கிறது. மனுதாரர் சண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்ற வியப்பான விவரமும் இருக்கிறது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணச் சொல்லும் 46ஆம் உறுப்பை அரசு சுட்டிக்காட்டியபோது, வழிகாட்டு நெறி அடிப்படை உரிமையை மீற முடியாது என்று ஏழு நீதிபதிகளும் ஏன் கருதினார்கள் என்ற காரணமும் இருக்கிறது. அரசு வேலைக்கு இடஒதுக்கீட்டை அனுமதிக்கும் பிரிவு அரசமைப்பில் இருக்கிறது, கல்விக்கு அப்படி ஒன்று இல்லையே என்ற வாதத்தைப் படிக்கும்போதுதான், அதே ஆண்டில் 15ஆம் உறுப்பில் நான்காம் கூறு ஏன் சேர்க்கப்பட்டது என்பது புரிகிறது. தீர்ப்பு காட்டிய இடைவெளியைத் திருத்தம் அடைத்தது.

முதன்முதலில் ஒரு தீர்ப்பைப் படிப்பவர் நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் தொலைந்து போகமாட்டார். என்ன நடந்தது? நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வி என்ன? என்ன முடிவு செய்தது? ஏன்? கடைசிக் கேள்விக்கான விடைதான் பிற்கால வழக்குகளைக் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பாகிறது. நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்து, எவ்வளவு அழகாக இருந்தாலும், அப்படிக் கட்டுப்படுத்தாது. சண்பகம் வழக்கைப் போன்ற சிறிய தீர்ப்புகளில் தொடங்க வேண்டும். 13 நீதிபதிகள் 7க்கு 6 என்று பிரிந்து தீர்ப்பளித்த 1973ஆம் ஆண்டின் கேசவானந்த பாரதி வழக்கு, எழுநூறு பக்கங்களுக்குக் குறையாதது. அதில் தொடங்குபவர் அங்கேயே நின்றுவிடுவார்.

மொழியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. தமிழ்வழியில் படித்தவர்களின் உண்மையான அச்சம் இதுதான். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் சாட்சியம் பதிவாகிறது, தமிழில் மனுக்கள் வருகின்றன, தமிழில் தீர்ப்பும் எழுதப்படலாம். உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அரசமைப்பின் 348ஆம் உறுப்புப்படி ஆங்கிலமே மொழி. ஆகவே இரண்டும் வேண்டும் என்பதுதான் நேர்மையான விடை. ஆங்கிலத்துக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைவிட, ஒரு தீர்ப்பின் இரண்டு பக்கங்களை நாள்தோறும் அகராதியோடு படித்து, அதன் சாரத்தைச் சொந்த ஆங்கிலத்தில் ஐந்து வரியாக எழுதிப் பார்ப்பது நல்ல பயன் தரும் என்பது என் கருத்து. சட்ட ஆங்கிலம் பேச்சு ஆங்கிலத்தின் உறவினர்தான், ஆனால் ஒரே வீட்டில் வசிப்பவர் அல்லர்.

தமிழும் தானாக வந்துவிடும் என்று ஆங்கிலவழி மாணவர்கள் எண்ண வேண்டாம். உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். நான்கெல்லை, பாத்தியம், சுவாதீனம், வில்லங்கம், ஷரத்து, வாரிசுகள், 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று ஒரு தனி உலகம் அதில் இருக்கும். யார் யாருக்கு விற்றார், விற்றவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது, தொகை எப்போது கைமாறியது, கிழக்கே யாருடைய நிலம் என்று தாத்தா காலத்துப் பத்திரத்திலிருந்து இன்றைய பட்டாவரை சங்கிலியாகத் தொடர்ந்து எழுதிப் பாருங்கள். சிவில் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் செய்யும் வேலையில் கணிசமான பகுதி இதுதான். இதைச் சொல்லிக் கொடுக்க எந்தப் பயிற்சி மையமும் இல்லை. வீட்டில் பத்திரம் இருப்பவர்களுக்குக் கட்டணமும் இல்லை. சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி விட்டுப் போயிருப்பதைக் கண்டுபிடித்தால், அப்பாவிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வாசிப்பின் மறுபக்கம் பார்வை. நம் நீதிமன்றங்கள் திறந்த நீதிமன்றங்கள்; பாலியல் குற்ற வழக்குகள், குடும்ப நல வழக்குகள் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற விசாரணைகளை யாரும் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். அருகில் இருக்கும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்கோ குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கோ ஒரு நாள் காலை பத்தரை மணிக்குப் போய், கைப்பேசியை அணைத்துவிட்டு, பின்வரிசையில் அமருங்கள். முதல் ஒரு மணி நேரம் பெயர்கள் கூப்பிடப்படுவதும் வாய்தா கொடுக்கப்படுவதுமாகவே போகும். ஏமாற்றமாக இருக்கும்; ஆனால் தொழிலின் ஒரு பகுதி அதுதான் என்று தெரிந்துகொள்வதும் ஒரு பாடம். பிற்பகலில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்க்கக் கிடைத்தால், திரைப்படத்தில் கண்ட எதுவும் அங்கே நடக்காது என்பதும், நல்ல வழக்கறிஞர் குரலை உயர்த்தாமல் சிறு சிறு கேள்விகளாகக் கேட்பதும் தெரியும். கோடை விடுமுறையில் போகலாம் என்று நினைப்பவர்கள், மே மாதத்தில் உயர் நீதிமன்றத்துக்கும் சிவில் நீதிமன்றங்களுக்கும் விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அப்போது குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களுக்குத்தான் போக முடியும். ஒரு காலத்தில் சென்னைச் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இந்த அறிவுரையே தேவைப்பட்டிருக்காது. உயர் நீதிமன்றத்தை ஒட்டிய வளாகத்தில் படித்தவர்கள் அவர்கள். வகுப்பு இல்லாத வேளையில் நடந்தே போய் வாதங்களைக் கேட்டார்கள். 2018இல் கல்லூரி நகருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் மாற்றப்பட்டதோடு அந்த வசதி போய்விட்டது. உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வின் விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையாக வருகின்றன. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றாலும், முதலில் பார்க்க வேண்டியது பக்கத்து ஊர் நீதிமன்றம்தான்.

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களுக்குச் சட்டம் ஏற்ற தொழில் என்ற எண்ணம் நம் ஊரில் வலுவாக இருக்கிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. கூட்டத்தின் முன் நிற்கும் கூச்சம் போய்விடும். ஆனால் பட்டிமன்ற மேடையில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேசலாம். நீதிபதியோ இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்தி, "அந்த ஆவணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்பார். பக்க எண்ணைச் சொல்லத் தெரிந்தவரின் பேச்சுதான் அங்கே எடுபடும். நண்பர்கள் இருவர் ஒரே சட்டப் பிரிவுக்கு எதிரெதிர்ப் பொருள் கொண்டு, மூன்றாமவர் இடைமறித்துக் கேள்வி கேட்க, பத்து நிமிடம் வாதிட்டுப் பார்ப்பது மேடைப் பேச்சைவிட நெருக்கமான பயிற்சி.

இனி, பட்டம் வாங்கியபின் என்ன ஆகும் என்பதை இப்போதே தெரிந்துகொள்வது குடும்பத்தின் கணக்குக்கு உதவும். மூன்று ஆண்டுப் படிப்புக்குள் குறைந்தது 12 வாரங்கள் வழக்கறிஞர் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ பயிற்சி பெற வேண்டும். முடித்தபின் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். சட்டம் சொல்லும் பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். அதற்கு மேல் மாநிலப் பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை பல மாநிலங்களில் பல்லாயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு, வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்தியப் பார் தேர்வு, நூறு கொள்குறி வினாக்கள். குறிப்புரை இல்லாத பேர் ஆக்டை உள்ளே கொண்டுபோகலாம். பேர் ஆக்டைப் புரட்டிப் பழகிய கை அங்கே வேகமாக வேலை செய்யும்.

படிப்பு முடிந்ததும் நேராக நீதிபதி தேர்வு எழுதலாம் என்று திட்டமிடுபவர்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியது. அந்த மூன்று ஆண்டுகளும் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கும் ஆண்டுகளாகவே பெரும்பாலும் இருக்கும். ஜூனியர்களுக்கு மாதம் நகர்ப்புறத்தில் 20,000 ரூபாயும் ஊரகத்தில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் பார் கவுன்சில் பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லைக் கவனியுங்கள். மேலே சொன்ன 'செய்தல் வேண்டும்', 'செய்யலாம்' வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. வீட்டில் உடனடியாகச் சம்பளம் எதிர்பார்க்கும் நிலை இருந்தால், அந்த ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்ற பேச்சை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அப்பா அம்மாவிடம் தொடங்கிவிடுவது நல்லது.

இறுதிப் பருவத்தில் இருப்பவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. பருவத் தேர்வு முடிந்து முடிவுகள் வரும் காலத்தை ஒட்டியே சட்டப் படிப்புக்கான அறிவிப்பும் வெளியாகும். எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவை கையில் இருக்கிறதா என்று ஏப்ரல் மாதத்திலேயே சரிபாருங்கள். சான்றிதழ் ஒன்றில் இருக்கும் பெயர் எழுத்துக்கும் மற்றொன்றில் இருக்கும் எழுத்துக்கும் வேறுபாடு இருந்தால் அதைத் திருத்த மாதங்கள் ஆகலாம். பல்கலைக்கழகம் வெளியிடும் விளக்கக் கையேட்டையும் முழுதாகப் படியுங்கள். யார் தகுதியுடையவர், எந்த மதிப்பெண் கணக்கில் வரும், எந்தத் தேதிக்குள் எதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதிவிலக்குகளோடும் வரம்புரைகளோடும் எழுதப்பட்டிருக்கும் அந்தக் கையேட்டைத் திருட்டுப் பிரிவைப் படித்ததைப் போலவே, பென்சிலும் கையுமாக, சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்க வேண்டும்.